ஸபாவுக்குள் ஒரு குழந்தை

மகள் ஹஸ்னாவை இனி யாரும் சிரிக்க வைக்கக் கூடாது என்று டாக்டர் லுப்னா சொன்னபோது, தனக்குத்தான் அரபி சரியாகப் புரியவில்லை என்று ஜுலைகா நினைத்தாள்.

அவளுடைய அரபி காயல்பட்டினத்து மதரஸாவில் படித்தது. கிதாபில் இருக்கிற அரபி. மஸ்கட்டுக்கு வந்த புதிதில் காய்கறிக் கடையில் அதைப் பேசியபோது, கடைக்காரர் பள்ளிவாசலில் குத்பா பிரசங்கம் கேட்பவர்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லுப்னா பாக்தாத்காரி. ஜுலைகாவுக்காகவே அந்தக் கிதாபு அரபியில், நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். தவறாகக் கேட்டிருக்க வழியில்லை.

“சிரிக்கக் கூடாதா?”

“சிரிப்பு மட்டும் இல்லை. திடீர்ச் சந்தோஷம் எதுவுமே வேண்டாம். பரிசு, விருந்தாளி, விளையாட்டு எல்லாவற்றிலும் கவனமாக இருங்கள். சாதாரணமாக வைத்திருங்கள் அவளை.”

பதினொரு வயதுப் பெண்ணைச் சாதாரணமாக வைத்திருப்பது எப்படி என்று ஜுலைகாவுக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று அவள் அதைக் கேட்கவில்லை. உயிரோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்குமேல் என்ன கேட்பது?

ஹஸ்னாவுக்கு முதலில் மூளைக் காய்ச்சல் என்று வந்தது. காய்ச்சல் போயிற்று, வலிப்பு போகவில்லை. ஒன்று முடிந்து கண் திறப்பதற்குள் அடுத்தது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. கடைசியில் ஊசி போட்டு நினைவில்லாமல் தூங்கவைத்தார்கள். தூக்கத்தைக் குறைத்த போதெல்லாம் வலிப்பு வாசலிலேயே காத்திருந்ததுபோல வந்தது. இனி எங்களால் ஆகாது என்று பெரிய ஆஸ்பத்திரி கைவிட்ட பிறகுதான், கடலோரமாக இருந்த இந்தச் சின்ன ஆய்வு மையத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இசையால் வைத்தியம் என்றதும் ஜுலைகாவின் கணவர் சாலிஹ் திகைத்துத்தான் போனார். ஊரிலிருந்து அவருடைய மாமி போனில், “இசையெல்லாம் நம்ம மார்க்கத்துல ஆகுமா வாப்பா?” என்று இழுத்தாள். “மருந்துன்னு நெனச்சுக்குங்க மாமி. வேற வழி இல்ல” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார்.

லுப்னா முதல் நாளே எல்லாவற்றையும் விளக்கியிருந்தாள்.

“கல்யாண வீட்டில் ஆளுக்கு ஒன்று பேசிக்கொண்டிருப்பார்களே, அந்தச் சத்தம்தான் ஆரோக்கியமான மூளை. எல்லோரும் ஒரே வார்த்தையை ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் அது வலிப்பு. எங்கள் இசையில் மகாம்கள் உண்டு. நீங்கள் ராகம் என்பீர்கள். பெரும்பாலான மகாம்கள் ஏறிப்போய், தொடங்கிய சுரத்திலேயே போய்ச் சேரும். ஸபா என்று ஒன்று இருக்கிறது. அது சேராது. மேலே போய்ப் பார்த்தால் தொடங்கிய சுரம் அங்கே இருக்காது, கொஞ்சம் இறங்கியிருக்கும். வட்டம் மூடாது.”

“வட்டம் மூடாட்டி?”

“வலிப்பு சுற்றுவதற்கு வட்டம் வேண்டும்.”

காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஓர் அரிசி அளவு கருவியை வைத்தார்கள். அது ஸபாவைக் காது நரம்பில் ஓயாமல் வாசித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது. ஹஸ்னாவுக்கே சில நாளில் கேட்பது நின்றுவிடும். மூளை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அப்படித்தான் நடந்தது. தூக்க மருந்தை நிறுத்தினார்கள். வலிப்பு வரவில்லை. ஹஸ்னா கண் திறந்து, “உம்மா, தண்ணி” என்றாள். ஜுலைகா அங்கேயே தரையில் நெற்றி பட சஜ்தாவில் விழுந்தாள்.

அதற்குப் பிறகு இப்போது இந்தச் செய்தி.

“ஸபா துக்கத்தின் மகாம்” என்றாள் லுப்னா. “யாரோ வைத்த பெயர் மட்டும் இல்லை இது. ஸபாவைக் கேட்டால் மூளை துக்கத்தில் இருக்கும்போது எப்படி ஓடுமோ அப்படி ஓடுகிறது. அந்தத் துக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் உங்கள் மகள் நிற்கிறாள். சந்தோஷம் வந்தால் பிடியை விட்டுவிடுவாள்.”

*

வீட்டுக்கு வந்த மறுநாளே பிடி விட்டது. காரணம் நுஹா.

நுஹா இளையவள், ஐந்து வயது. அக்கா வந்த சந்தோஷத்தில் சமையலறையிலிருந்து சோறு வடிக்கிற தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வாப்பா குறட்டை விடுவதுபோல விட்டுக்கொண்டே கூடத்துக்குள் நடந்து வந்தாள். ஹஸ்னாவின் உதடு கோணிற்று. சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு முடியும் முன்பே கண்கள் மேலே செருகி, சோபாவிலிருந்து சரிந்தாள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஜுலைகாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. நுஹா தட்டைத் தலையிலிருந்து எடுக்காமல் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கவனிக்க அன்று யாருக்கும் நேரமில்லை.

அக்காவைச் சிரிக்க வைக்காதே என்று நுஹாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு என்ன புரியும்? அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாலே ஹஸ்னாவின் முகம் மலர்ந்தது. கடைசியில் சாலிஹ்தான் முடிவெடுத்தார். நுஹாவை ஊரில் மாமி வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

பிறகு அந்த வீடு வேறு மாதிரி ஆயிற்று. சாலிஹ் மஸ்கட்டின் ரூவியில் ஏசி விற்கும் கடையில் மேலாளர். மாலையில் வீட்டுக்கு வரும்போது கதவுக்கு வெளியே சற்று நின்று, முகத்திலிருந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் மணியை அடிப்பார். ஜுலைகா, “பரீட்சைல நல்ல மார்க்கு வாங்கியிருக்கே” என்பதை, “மழை வரும்போல இருக்கு” என்பதுபோலச் சொல்லப் பழகினாள். பெருநாளைக்குப் புதுச்சட்டையைப் பொட்டலம் பிரிக்கும் ஆசையே எழாதபடி துவைத்து மடித்து அலமாரியில் வைத்தாள். பெருநாள் இனிப்பான வட்டிலாப்பம் செய்யவில்லை. நுஹாவோடு பேசுவதென்றால் மாடிப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். போனில் நுஹா வரவர அதிகம் பேசாமலானதை, தூரத்தின் கோளாறு என்று எடுத்துக்கொண்டாள்.

ஹஸ்னா பள்ளிப் பாடத்தை வீட்டிலிருந்தே படித்தாள். நடந்தாள், சாப்பிட்டாள், தொழுதாள். சாப்பிடும்போதே கண்ணீர் வழியும். துடைத்துக்கொள்ளக்கூட மாட்டாள், அது பாட்டுக்கு வழியும்.

ஒருநாள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: “உம்மா, யாரு மவுத்தானது?”

“யாரும் மவுத்தாகலியே கண்ணே. ஏன் கேக்குறே?”

“எனக்கு எப்பவும் யாரோ மவுத்தான மாதிரியே இருக்கு. ஜனாஸாவை இப்பத்தான் எடுத்துட்டுப் போன சாவு வீடு மாதிரி. யாருன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். தெரிய மாட்டேங்குது.”

ஜுலைகா இன்னும் கொஞ்சம் எண்ணெயை ஊற்றிக்கொண்டு அதே இடத்தையே தேய்த்தாள்.

இன்னொரு நாள் அதிகாலை பஜ்ர் தொழுகைக்கான பாங்கு கேட்டு இருவரும் விழித்திருந்தார்கள். பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரின் குரல் ஜன்னல் வழியே இழைந்து வந்தது. ஹஸ்னா எழுந்து உட்கார்ந்தாள். “உம்மா, இவருக்கும் எனக்குள்ள ஓடுறதுதான் ஓடுது” என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. நாளெல்லாம் அந்நியர்களுக்கு நடுவே இருந்துவிட்டுத் தன் ஊர்க்காரரைப் பார்த்ததுபோல. ஜுலைகா தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யப் போன இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் வாய்விட்டு அழுதாள்.

அன்றே லுப்னாவிடம் போனாள்.

“வேற மகாம் இல்லியா டாக்டர்? சந்தோஷமான மகாம் எத்தனையோ இருக்கும்ல?”

“அஜம் இருக்கிறது. ராஸ்த் இருக்கிறது. ஹஸ்னா தூக்கத்தில் இருந்தபோதே போட்டுப் பார்த்தோம். வலிப்புப் புயல்தான் வந்தது.” லுப்னா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். “ஒரு வழி இருக்கிறது. சொல்லலாமா வேண்டாமா என்று பல வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.”

“சொல்லுங்க.”

“ஸபாவின் மேல்பாதியில் ஓர் இடத்தில் கால் வைத்துத் திரும்பினால் அது அஜம் ஆகிவிடும். துக்கத்துக்குள்ளேயே ஒரு கதவு மாதிரி. நல்ல வாசிப்பாளன் அந்தக் கதவு வழியாக வெளியே கூட்டிப்போய், விழப்போகிற நேரத்தில் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வான். அப்படிப் போய்ப் போய் வந்தால் மூளை அந்த வழியைப் படித்துக்கொள்ளும். கருவியால் அது முடியாது. அதற்கு அடுத்த சுரம் தெரியும், உங்கள் மகளின் முகம் தெரியாது. மனிதன்தான் எதிரே உட்கார்ந்து வாசிக்க வேண்டும். உள்ளே இருக்கும் கருவியை அந்த நேரத்துக்கு நிறுத்தியாக வேண்டும்.”

“அவரு இழுக்க முடியாமப் போனா?”

லுப்னா ஜுலைகாவின் கண்ணைப் பார்த்தே பதில் சொன்னாள். “திரும்பி வராமல் போகலாம்.”

*

சாலிஹ் ஒரே வார்த்தையில் முடித்தார். “வேணாம்.”

“அவ சொன்னதைக் கேட்டீங்கள்ல? ஜனாஸா எடுத்த வீட்டுல இருக்குற மாதிரி இருக்காம் அவளுக்கு. தெனமும். எந்திரிச்சதுலேருந்து.”

“அழுதுக்கிட்டாவது உசுரோட இருக்கட்டும் ஜுலைகா. நான் கேக்குறது அது ஒண்ணுதான்.”

“இது உங்களுக்கு உசுரா தெரியுதா?”

“கபுருக்குள்ள போட்டு மூடுனா நல்லா இருக்குமா?” சாலிஹ் கத்திவிட்டார். கத்திய பிறகு பயந்து, ஹஸ்னாவின் அறைப் பக்கம் பார்த்தார். கோபத்தால் ஆபத்தில்லை என்பது நினைவுக்கு வந்ததும் முகத்தை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் சண்டை போடத் தடையே இல்லை.

அவர்கள் பல நாள் அதே சண்டையைப் போட்டார்கள். அதை முடித்து வைத்தவள் ஹஸ்னா.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு சாலிஹ் தன் போனைத் தேடினார். காணவில்லை. ஹஸ்னாவின் அறை உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினால் பதிலில்லை. தோளால் மோதித் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தார். ஹஸ்னா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்து துடித்துக்கொண்டிருந்தாள். தலையடியில் தலையணை இருந்தது. விழுந்தால் அடிபடாமலிருக்க அவளே எடுத்து வைத்திருந்தாள். பக்கத்தில் போன். அதில் நுஹாவின் பழைய வீடியோ திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. தலையில் தட்டு, குறட்டைச் சத்தம்.

ஆய்வு மையத்தில் நினைவு திரும்பியபோது சாலிஹ்தான் பக்கத்தில் இருந்தார்.

“ஏம்மா இப்படிப் பண்ணே? தெரிஞ்சேவா பண்ணே?”

“ம்.” நாக்கு கடிபட்டிருந்ததால் ஹஸ்னாவுக்குப் பேச்சு குழறியது. “வலிப்பு வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நல்லா இருக்கும் வாப்பா. கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச நேரம்தான்.”

சாலிஹ் வெளியே வந்து, வராந்தாவில் நின்ற ஜுலைகாவின் தோளில் எல்லோர் முன்னாலும் சாய்ந்துகொண்டார். “வாசிக்கச் சொல்லு” என்றார்.

*

வாசிப்பாளரின் பெயர் ஹாத்திம். பஸராக்காரர். பருத்த உடம்பு, மூக்கு நுனியில் நிற்கும் கண்ணாடி. ஊத் என்றால் ஜுலைகாவுக்குத் தட்டில் புகையும் வாசனைக்கட்டைதான். அவர் மடியில் வைத்திருந்ததோ பாதி பூசணிக்காய்போல வயிறு பெருத்த ஒரு நரம்புக் கருவி. அதற்கும் பெயர் ஊத்தான்.

லுப்னா ஹஸ்னாவின் காதோரக் கருவியை நிறுத்தியதும் ஹாத்திம் ஸபாவைத் தொடங்கினார். மகளின் தலைக்குள் இத்தனை மாதமாக ஓடிக்கொண்டிருந்ததை ஜுலைகா காதால் கேட்டது அன்றுதான் முதல் தடவை. இதையா சுமந்துகொண்டு கணக்குப் போட்டாள், இதையா சுமந்துகொண்டு பல் தேய்த்தாள் என்று எண்ணினாள். எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது. சாலிஹ் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஹாத்திம் ஹஸ்னாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. இசை ஏறி ஏறிப் போய் ஓரிடத்தில் சட்டென்று வெளிச்சத்துக்கு வந்ததுபோல் ஆயிற்று. ஹஸ்னாவின் புருவம் உயர்ந்தது. உடனே இடது கை விரல்கள் வெட்டின. மூளை அலைகளைக் காட்டும் திரையில் கோடுகள் ஒன்றோடொன்று கைகோக்கத் தொடங்கின. ஹாத்திம் திரும்ப ஸபாவுக்குள் இழுத்தார். விரல்கள் அடங்கின. அன்றைக்கு அவ்வளவுதான். அவர் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது.

அப்படியே வாரங்கள் போயின. சில நாள் ஒரு மூச்சு நேரம் வெளியே நின்றாள். சில நாள் கதவைத் தொட்டதுமே விழுந்தாள். ஒருநாள் ஹாத்திம் எவ்வளவு இழுத்தும் அவள் வரவில்லை. உள்ளே இருந்த கருவியைத் திரும்ப ஓடவிட்டும் வரவில்லை, ஊசி போட்டும் வரவில்லை. உதடு நீலமாயிற்று. மூச்சுக்குழாய் போட்டார்கள். மறுநாள் மதியம்தான் கண் திறந்தாள். திறந்து சாலிஹைப் பார்த்து, “நீங்க யாரு?” என்றாள். மாலைக்குள் நினைவு வந்துவிட்டது. ஆனால் அந்த மாலை வரை சாலிஹ் இருந்த இருப்பை ஜுலைகாவால் பிறகு யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை.

“நிறுத்திடலாம்” என்றார் அவர். இந்த முறை ஜுலைகாவும் தலையாட்டினாள்.

“நிறுத்தக் கூடாது” என்றாள் ஹஸ்னா. “அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். பாத்துட்டு வந்துட்டேன். இனி இங்க இருக்க என்னால ஆகாது உம்மா.”

மறுபடி உட்கார்ந்தார்கள். ஹாத்திம் முன்னைவிட மெதுவாக வாசித்தார். ஒரு காலைநேரம். கதவைத் தாண்டி அஜத்தில் ஹஸ்னா நின்றுகொண்டிருந்தாள். அதுவரை போகாத தூரம் போயிருந்தாள். அப்போது ஊத்தின் நரம்பு ஒன்று படீரென்று அறுந்து, ஹாத்திமின் கண்ணாடியைத் தட்டிவிட்டது. கண்ணாடி ஒரு காதில் மட்டும் தொங்கி ஆடிற்று. அவர் பஸரா அரபியில் தன் ஊத்தையும் அதைச் செய்தவனையும் அவன் தகப்பனையும் சேர்த்து ஏசினார்.

ஹஸ்னா சிரித்தாள்.

இசை இல்லை. உள்ளே கருவி ஓடவில்லை. இழுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. லுப்னாவின் கை சுவிட்சுக்குப் பாய்ந்து, பாதியில் நின்றது. திரையில் கோடுகள் தாறுமாறாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. கல்யாண வீட்டுச் சத்தம்போல. ஹஸ்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், மூக்கு ஒழுகச் சிரித்தாள். அவள் நிறுத்திய பிறகும் ஒன்றும் வரவில்லை.

ஹாத்திம் அறுந்த நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு தேம்பினார்.

*

இன்னும் சில வாரம் பார்த்துவிட்டுக் கருவியை நிறுத்தியே வைத்தார்கள். “உள்ளேயே கிடக்கட்டும்” என்றாள் லுப்னா. “இனி அவளே வாசித்துக்கொள்வாள்.” அன்றே சாலிஹ் ஊருக்குப் போன் செய்தார். மாமி நுஹாவைக் கூட்டிக்கொண்டு அடுத்த விமானத்தில் வந்தாள்.

விமான நிலையத்தில் ஹஸ்னா தடுப்புக் கம்பிக்கு அடியில் நுழைந்து ஓடிப்போய்த் தங்கையைக் கட்டிப்பிடித்தாள். நுஹா வளர்ந்திருந்தாள். முன்பற்கள் இரண்டு விழுந்திருந்தன. கட்டிப்பிடித்தவளைத் திரும்பக் கட்டிக்கொள்ளாமல், கைகளைத் தொங்கவிட்டு நேராக நின்றாள். உதடுகளை உள்ளே மடித்து இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கூச்சம்” என்றார் சாலிஹ்.

“கூச்சமில்ல வாப்பா” என்று மாமி மெல்லச் சொன்னாள். “எங்க வீட்டுக்கு வந்ததுலேருந்தே இப்படித்தான். புள்ளைங்களோட வெளையாடப் போகாது. யாராச்சும் வேடிக்கை காட்டுனா எந்திரிச்சு உள்ள போயிடும். ஊர் புதுசு, போகப் போகச் சரியாயிடும்னு நெனச்சோம். போன்ல சொல்லி உங்களையும் நோகடிக்க வேணாம்னு விட்டுட்டோம்.”

ஜுலைகா பெட்டி வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

காரில் அக்காவும் தங்கையும் பின்சீட்டில் ஜுலைகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஹஸ்னா விடவில்லை. ஹாத்திமின் கண்ணாடிக் கதையைச் சொன்னாள். பருத்த உடம்போடு அவர் ஏசியதை நடித்துக் காட்டினாள். நுஹா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் ஒருமுறை குலுங்கி அடங்கியது. தான் சொன்ன கதைக்குத் தானே சிரிப்பு வந்து, ஹஸ்னா கலகலவென்று சிரித்துவிட்டாள்.

நுஹா வெடுக்கென்று திரும்பினாள். சீட்டின்மேல் முழங்காலிட்டு ஏறி, இரண்டு கைகளாலும் அக்காவின் வாயை இறுக்கிப் பொத்தினாள்.

“வேணாம் லாத்தா” என்றாள். “வேணாம். நான் ஒண்ணுமே பண்ணல. நான் சும்மாத்தான் இருந்தேன்.”

ஜுலைகா அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று போய் ஒட்டிக்கொண்டது.